குந்தியிருத்தலுக்கு ஐந்து புள்ளி

முழங்காலில் நின்று செய்யும் தொழில்கள் பல. ஆயினும் முகமாலையிற் கண்ணிவெடி அகற்றும் பெண்களின் தொழிலைப் போன்று முழங்காலையே முதலாகக் கொண்ட தொழில் பிறிதொன்று இருக்குமா என்பது ஐயத்துக்குரியது. 2000 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போர் முன்னரங்காகக் கிடந்த அந்நிலத்தில், முகத்தை மறைக்கும் கவசத்தோடும் மார்பை மூடும் கனத்த அங்கியோடும் அவர்கள் முழந்தாளிட்டு, மண்ணைச் சாண் சாணாக அகழ்ந்து செல்கின்றனர். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 ஆம் ஆண்டு இணைந்துகொண்ட இலங்கைக்கு நிலத்தைத் துப்புரவு செய்து முடிக்க 2028 யூன் முதலாந் திகதி வரை தவணை உண்டு. அத்தவணையைச் சுமந்து நிற்பவை ஏட்டிலுள்ள கையொப்பங்கள் மட்டுமல்ல, இம் முழங்கால்களுந்தாம்.

அத்தகைய முழங்கால் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அதற்குரியவர் பளைப் பகுதியைச் சேர்ந்தவர், வயது 34, கணவரை இழந்தவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரின் தாய். வெடியிலே காயப்படாத அவர், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் மணலிற் சறுக்கி விழுந்ததில் வலது முழங்காலிற் காயமுற்றார். வீக்கம் வற்றியது, நோவு வற்றவில்லை. சில மாதங்களின் பின்னர் எடுக்கப்பெற்ற எம்.ஆர்.ஐ. படம், தொடையென்பின் உட்புறக் குமிழிலே இரண்டரைச் சதுர சென்ரிமீற்றர் அளவிற் கசியிழையம் பெயர்ந்திருப்பதைக் காட்டியது. இருபத்தைந்து சதக் குற்றியிலும் சிறிய அப்பரப்பிலே ஒரு குடும்பத்தின் மாத வருமானம் தங்கியிருந்தது.

அவருடைய தமையனார் நோர்வேயில் இருப்பவர். செய்தி அறிந்த அன்றிரவே அவர் வட்டக்கச்சியிலிருக்கும் சித்தியின் மகளைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பயில்பவள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள்.

“தங்கச்சி, இஞ்ச எங்கட செல்லையே எடுத்து வளர்த்துத் திரும்ப முழங்காலுக்குள்ள வைக்கினமாம். இந்தியாவிலயும் செய்யினமாம். காசை நான் பாக்கிறன். நீ படிக்கிற பிள்ளை. இது சரிவருமோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லு.”

சரிவருமோ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு விடை தேடுவது எத்துணை கடினமானது என்பதை அவள் அப்போது உணர்ந்திருக்கவில்லை.

கசியிழையம், தமிழகத்தார் குருத்தெலும்பு என வழங்குவது, உடலின் இழையங்களுள் ஒரு துறவியை ஒத்தது. அதற்குக் குருதிக்கலன் இல்லை; நரம்பு இல்லை. முழங்காலில் அதன் தடிப்பு சில மில்லிமீற்றர் மாத்திரமே. அதன் பெரும்பங்கு நீராகவும் எஞ்சியது நாரும் புரதச் சர்க்கரைச் சேர்வையுமாகவும் இருக்க, அவற்றைப் படைத்துக் காக்கும் கலங்கள் நூற்றுக்கு ஐந்து பங்கினும் குறைந்த இடத்திலே தனித்தனியே அடைபட்டுக் கிடக்கின்றன. தோல் கிழிந்தாற் குருதி பாய்ந்து புண் ஆறுகிறது; என்பு முறிந்தால் மீண்டும் பொருந்துகிறது. கசியிழையத்துக்கோ குருதி வருவதற்கு வழியில்லை. ஆதலின் ஆறுவதற்கும் வழியில்லை. ஒருமுறை அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹன்ரர் 1743 ஆம் ஆண்டிலேயே இலண்டனிற் குறித்துவைத்தார்.

அவருக்குப் பின் இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து, 1994 இல், சுவீடன் நாட்டுக் கோதன்பேர்க் நகரைச் சேர்ந்த பிரிற்பேர்க், பீற்றர்சன் முதலானோர் ஒரு புதுவழியை உலகறியச் செய்தனர். முழங்காலில் அதிகம் பாரந் தாங்காத ஓரிடத்திலிருந்து சிறுதுண்டு கசியிழையத்தை அகநோக்கி மூலம் எடுத்தனர். நொதியங்களாற் கரைத்துக் கலங்களைப் பிரித்தனர். ஆய்வுகூடத்திற் சில கிழமைகள் வளர்த்து அவற்றைப் பெருக்கினர். பின்னர் மூட்டைத் திறந்து, பழுதடைந்த குழியின்மீது என்பின் மேலுறையிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வொன்றைத் தைத்து, அதனடியிலே கலங்களைச் செலுத்தினர். பிற்காலத்தில் அச்சவ்வுக்குப் பதிலாகக் கொலாஜன் மென்படலம் வந்தது. அதன்பின் கலங்களை அப்படலத்திலேயே படியவைத்து ஒட்டும் முறையும் வந்தது. நாற்றுமேடையிற் பயிரை வளர்த்துப் பின் வயலுக்குக் கொண்டுசெல்லும் உழவனுக்கு இதன் தத்துவம் புதியதன்று.

முதல் அறிக்கையில் இடம்பெற்றோர் 23 பேர். தொடையென்பிற் சிகிச்சை பெற்ற 16 பேருள் 14 பேர் நல்ல நிலையில் இருந்தனர். முழங்காற் சில்லிற் சிகிச்சை பெற்ற எழுவருள் இருவர் மாத்திரமே அவ்வாறு இருந்தனர். பதினாறிற் பதினான்கு என்ற எண்ணைக் கண்டதும் மாணவியின் உள்ளம் மகிழ்ந்தது. அக்காவின் காயமும் தொடையென்பிலன்றோ உள்ளது! தமையனாருக்கு உடனே தெரிவிக்கலாம் என்று தொலைபேசியை எடுத்தவள், மீண்டும் அதனைக் கீழே வைத்தாள். அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இருக்கவில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது.

ஒப்பீடின்றிச் சத்திரசிகிச்சையின் பயனை மதிப்பிடுதல் இயலாது என்பதற்கு 2002 இல் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் நிகழ்ந்த ஆய்வு தக்க சான்றாகும். மூட்டுத் தேய்வுற்ற 180 பேருள் ஒருசாராருக்கு அகநோக்கிச் சிகிச்சை செய்யப்பெற்றது. மற்றொரு சாராருக்குத் தோலைக் கீறித் தைத்தல் மாத்திரம் நிகழ்ந்தது. தமக்கு நிகழ்ந்தது எது என அறியாத இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவிற் சுகம் உரைத்தனர். மூட்டுத் தேய்வு வேறு, அக்காவின் காயம் வேறு என்பது உண்மையே. எனினும் ஓய்வும் நம்பிக்கையும் பயிற்சியும் தாமே ஒரு மருந்தாகிவிடும் இடத்திற் கத்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய ஒப்பீடு வேண்டும் என்பதை அது நிலைநாட்டியது.

அத்தகைய ஒப்பீடு தமையனார் வாழும் நோர்வேயிலேயே நிகழ்ந்திருந்தது. நட்சன் முதலானோர் 80 நோயாளரை இரு சமகூறாக்கினர். ஒரு கூறாருக்குக் கலம் வைக்கப்பெற்றது. மறு கூறாருக்கு நுண்முறிவுச் சிகிச்சை, அஃதாவது பழுதடைந்த இடத்து என்பிற் சிறு துளைகளை இட்டு என்பு மச்சையிலிருந்து குருதியும் கலங்களும் கசிந்து வந்து தழும்பாகப் படியச் செய்யும் முறை, அளிக்கப்பெற்றது. இது ஒரே அமர்வில் முடிவது, ஆய்வுகூடம் வேண்டாதது, செலவு மிகக் குறைந்தது. 2004 இல் வெளிவந்த ஈராண்டு முடிவின்படி இரு கூறாரும் முன்னேற்றம் கண்டிருந்தனர். கலம் வைத்தமைக்கென மேலதிகச் சிறப்பெதுவும் தோன்றவில்லை. காயம் நான்கு சதுர சென்ரிமீற்றரினும் சிறிதாயிருந்தோர் நுண்முறிவுச் சிகிச்சையால் நன்கு பயனடைந்திருந்தனர். வியப்புக்குரிய செய்தி மற்றொன்று: புதிதாய் வளர்ந்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது கண்ட தரத்துக்கும் நோயாளி உரைத்த சுகத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. கண்ணாடியின் கீழ் அழகாய்த் தோன்றிய முழங்கால் படியேறும்போது நொந்தது. அழகற்றது நோவின்றி நடந்தது.

2016 இல் அதே நோயாளரின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. கலம் வைத்த 40 பேரில் 17 பேருக்கும் நுண்முறிவு பெற்ற 40 பேரில் 13 பேருக்கும் சிகிச்சை தோல்வியுற்றிருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடியதே. ஆயினும் கலத்தின் பக்கம் சாயவில்லை என்பது தெளிவு. எதிர்ப்பக்கச் சான்றும் இல்லாமலில்லை. மூன்று சதுர சென்ரிமீற்றரும் அதற்கு மேலுமான காயமுடைய 144 பேரைக் கொண்டு ஐரோப்பாவில் நிகழ்ந்து 2014 இல் வெளிவந்த ஆய்வில், படலத்திற் படியவைத்த கலங்களைப் பெற்றோர் ஈராண்டு முடிவில் நோவிலும் இயக்கத்திலும் மற்றையோரை விஞ்சியிருந்தனர். ஆனால் அக்காவின் காயமோ இரண்டரை. அந்த ஆய்வின் வாசற்படியிலேயே அவர் மறிக்கப்பட்டிருப்பார்.

இங்ஙனம் அளவுகள் ஓரளவு துலங்கியதும், அவ்வளவுகளைத் தந்த அளவுகோலையும் அறிந்துகொள்ள மாணவி விரும்பினாள். ஒரு மாலைப்பொழுதில் வினாக்கொத்துகளை எடுத்துக்கொண்டு பளைக்குச் சென்று அக்காவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாள்.

முதலாவது, 1982 இல் லிஸ்ஹோமும் கில்குவிஸ்ற்றும் சுவீடனில் வகுத்து 1985 இற் திருத்தம் பெற்ற அளவை. மொத்தம் 100 புள்ளி. நோவுக்கு 25, மூட்டின் தளம்பலுக்கு 25, படியேறுதலுக்கு 10, குந்தியிருத்தலுக்கு 5.

“அஞ்சோ?” என்று அக்கா கேட்டார். “குந்தாமல் இஞ்ச என்ன செய்யிறது?”

அக்கேள்வி நகைப்புக்காக எழுந்ததன்று. இரணைமடுவின் கீழ் வயலிற் களை பிடுங்குவது குந்தியிருந்து. முல்லைத்தீவு மணலிற் கச்சான் ஆய்வது குந்தியிருந்து. அடுப்பு மூட்டுவதும் மீன் வெட்டுவதும் குந்தியிருந்து. வற்றாப்பளையிற் பொங்கற் பானைக்கு நெருப்பெரிப்பது குந்தியிருந்து. மலங்கழிப்பதும் பெரும்பாலான வீடுகளிற் குந்தியிருந்தே. வன்னியில் ஒருவர் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை செய்யும் கருமங்களின் பெரும்பகுதி அந்த ஐந்து புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. நூற்றில் 95 பெற்று ‘மிக நன்று’ என்ற வரிசையில் நிற்கும் ஒருவர் தம் வீட்டு அடுப்பின் முன் இருக்க இயலாதவராயும் இருத்தல் கூடும்.

அடுத்தது, ஈவா ரூஸ் முதலானோர் 1998 இல் வெளியிட்ட ‘கூஸ்’ என்னும் வினாக்கொத்து. 42 வினாக்கள், ஐந்து பிரிவுகள். இன்று கசியிழைய ஆய்வுகளிற் பெரிதும் கையாளப்படுவது இதுவே. நாளாந்த வாழ்வு என்ற பிரிவிலுள்ள வினாக்களை மாணவி தமிழாக்கி வாசித்தாள். காலுறை அணிவதிற் சிரமம் உண்டா? அக்கா காலுறை அணிவது வேலைத்தளத்துச் சப்பாத்துக்கு மாத்திரமே. காரில் ஏறி இறங்குவதில்? “ஆற்ற காரில?” குளியற்றொட்டியில் ஏறி இறங்குவதில்? அக்கா கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார். இவ்வினாக்களுக்கெல்லாம் ‘சிரமமில்லை’ என்று குறித்தால் அவர் ஏறக்குறைய முழுச்சுகம் பெற்றவராகிவிடுவார். அவற்றை நீக்கினாலோ அளவை பிழைத்துவிடும்.

குந்துதல் எங்கே, முழந்தாளிடுதல் எங்கே என்று தேடினால், அவை ஓட்டத்தோடும் பாய்ச்சலோடும் சேர்ந்து ‘விளையாட்டும் பொழுதுபோக்கும்’ என்ற பிரிவில் அமர்ந்திருந்தன.

அவ்விடத்தில் மாணவி வாசிப்பதை நிறுத்திவிட்டாள். முகமாலையில் முழந்தாளிட்டு மண் அகழ்வது, எங்கோ ஒரு நாட்டவரின் கணக்கிற் பொழுதுபோக்கு. அளவையை வகுத்தவர்மீது இதிற் குற்றமில்லை. அவர்தம் நோயாளர் பந்தடித்தோரும் பனியிற் சறுக்கியோருமாவர். அவர்கள் கதிரையில் இருந்து உண்டு கட்டிலில் உறங்குபவர்கள். தம் மண்ணுக்கு அவர்கள் உண்மையாகவே இருந்தனர். அந்த அளவையைச் சொற்களை மட்டும் மாற்றி வேறொரு மண்ணுக்குக் கொண்டுவரும்போதே பிழை நேர்கிறது. மொழிபெயர்ப்பினால் வினா தமிழாகிவிடலாம், வாழ்வு தமிழாகிவிடாது.

இதனால் மேலைநாட்டு ஆய்வுகள் பயனற்றவை என்று கொள்வது தவறு. 2014 ஆம் ஆண்டு ஆய்வு இயக்கத்தின் முன்னேற்றத்தை அளந்தது இந்த ‘விளையாட்டு’ப் பிரிவைக் கொண்டே. ஆகவே குந்துதலும் முழந்தாளிடுதலும் அங்கே எண்ணப்படாமல் விடப்படவில்லை. ஐந்து வினாக்களின் கூட்டுத்தொகைக்குள் மறைந்துள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்து நோக்குவது இம்மண்ணில் ஆய்வுசெய்வோரின் கடன்.

மற்றொரு குறையும் அவள் சிந்தனையை உறுத்தியது. கோதன்பேர்க் மருத்துவர்கள் தம்மிடம் பத்து முதல் இருபது ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்ற 341 பேருக்கு வினாக்கொத்து அனுப்பினர். விடையளித்தோர் 224 பேர். அவர்களுள் 92 வீதத்தினர் தாம் திருப்தியுற்றதாகவும் மீண்டும் அதே சிகிச்சையை விரும்புவதாகவும் எழுதினர் என்று 2010 இல் வெளியான அறிக்கை கூறுகிறது. எஞ்சிய 117 பேரின் முழங்கால் எவ்வாறிருந்தது? சுகம் அடைந்தவர் மறந்திருக்கலாம், நோவுற்றவர் சலித்திருக்கலாம். நிலையான முகவரியுள்ள சுவீடனிலேயே மூன்றில் ஒருவர் கணக்கிலிருந்து நழுவுகின்றார் எனின், வன்னியைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. 2008 இலும் 2009 இலும் இங்கே முகவரி என்பதே இல்லாதொழிந்தது. கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும், அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும், பின்னர் வவுனியா மெனிக் பாம் முகாமுக்கும் பெயர்ந்த மக்கள் உயிரைக் கொண்டுவந்தனர். கிளினிக் கொப்பிகளைக் கொண்டுவரவில்லை. அந்த முகாம் 2012 இல் மூடப்பட்டபோது ஊர் திரும்பியவர்களின் பழைய என்புமுறிவுகளையும் மூட்டுக்காயங்களையும் எவரும் பத்தாண்டுக் கணக்கிற் பின்தொடர்ந்ததில்லை. நீண்டகாலப் பயனை மதிப்பிடுவதற்கு நீண்டகாலம் ஓரிடத்தில் இருக்கும் பாக்கியம் வேண்டும். விஞ்ஞானிகள் பேசாமலே எடுத்துக்கொள்ளும் முற்கோள் அது.

“இவ்வளவும் வாசிச்சனீ,” என்று கூறி அக்கா காலை நீட்டிக்கொண்டார். “வைச்சாப் பிறகு நான் முழங்காலில நிக்கலாமோ, நிக்கேலாதோ? அதை மட்டும் சொல்லு.”

மாணவியிடம் விடை இருக்கவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. “தெரியாது அக்கா. அதை அவை தனியக் கேக்கேல்லை,” என்றாள்.

தெரிந்தவற்றை அவள் பின்னர் எடுத்துரைத்தாள். கலம் வைத்தபின் முதல் ஆறு, எட்டுக் கிழமைகள் ஊன்றுகோல்; முழுப்பாரத்தையும் அக்கால் தாங்கக்கூடாது. கடின வேலைக்குத் திரும்ப ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும். இரு சத்திரசிகிச்சைகள், இரு கடற்பயணங்கள். அவ்வோராண்டில் தண்ணீர் அள்ளுவது யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்பது எந்தக் கட்டுரையிலும் எழுதப்படவில்லை. நுண்முறிவுச் சிகிச்சைக்கும் ஊன்றுகோலும் பயிற்சியும் வேண்டும். ஆயின் ஒரு சத்திரசிகிச்சை போதும். இரண்டரைச் சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டாவது முதலாவதிலும் தாழ்ந்தது என்று காட்டும் வலுவான சான்று அவள் கண்ணிற் படவில்லை. எதைச் செய்வதாயினும் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. முடிவு கூறவேண்டியவர் என்பியற் சத்திரசிகிச்சை நிபுணரே. அவரிடம் கேட்கவேண்டிய வினாக்களை அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவற்றுள் முதலாவது வினா முழந்தாளிடுதலைப் பற்றியதாயிருந்தது.

அன்றிரவு தமையனாருக்கு அவள் கூறிய விடை நீண்டது. சிகிச்சை பொய்யன்று, பெரிய காயமுடைய இளவயதினர் பலருக்கு அது நன்மை செய்துள்ளது, இங்கிலாந்தின் சுகாதார மதிப்பீட்டு நிறுவனமும் 2017 இல் இரண்டு சதுர சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட காயத்துக்குச் சில நிபந்தனைகளோடு அதனை ஏற்றுள்ளது. ஆயினும் அக்காவின் முழங்காலுக்கு அதுதான் வழி என்று கூறுவதற்குப் போதிய ஆதாரமில்லை. தமையனார் சிறிதுநேரம் பேசவில்லை. காசு அனுப்புவதால் தீர்ந்துவிடும் என்று எண்ணிய ஒரு துன்பம் அவ்வாறு தீராது என அறிவது தொலைவில் இருப்பவருக்கு எளிதன்று. “அப்ப அந்தக் காசில, அவள் வேலைக்குப் போகாத மாதங்களைப் பாப்பம்,” என்றார் ஈற்றில். அன்றைய உரையாடலில் மிகச் சரியான மருத்துவம் அதுவாகவே இருந்தது.

விடுமுறை முடிவதற்கு முன் மாணவி ஒரு கொப்பியிற் பன்னிரண்டு வினாக்களை எழுதினாள். குந்தியிருந்து அடுப்பூத முடிகிறதா? மலசலகூடத்திற் பிடியின்றி எழும்ப முடிகிறதா? நீர் நிறைந்த வாளியோடு கிணற்றுக்கட்டால் இறங்க முடிகிறதா? வரம்பில் நடக்கையிற் கால் தளம்புகிறதா? பாயிலிருந்து எழ எவ்வளவு நேரமாகிறது? முழந்தாளிட்டு எத்தனை நிமிடம் இருக்கலாம்? ஒவ்வொரு வினாவின் எதிரிலும் மாதந்தோறும் குறிப்பதற்குக் கட்டங்கள் வரைந்தாள். இஃது ஆய்வாகாது என்பதை அவள் அறிவாள். ஒருவரிடம் கேட்டு எழுதிய கொப்பி எந்த அளவையையும் நிறுவிவிடாது. பலரிடம் கேட்டு, மீண்டும் கேட்டு, விடைகள் ஒத்துவருகின்றனவா என நோக்கிய பின்னரே அதற்கு அளவை என்ற பெயர் பொருந்தும். அப்பணி வன்னியின் கிளினிக்குகளிலும் யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களிலும் பேராதனையிலும் உள்ள பலர் கூடிச் செய்யவேண்டியது.

மூன்றாம் மாதம் அக்கா தொலைபேசியில் விடைகளைச் சொன்னார். நிபுணரைச் சந்தித்திருந்தார், அவர் பயிற்சியைத் தொடரச் சொல்லி, ஆறு மாதத்தின் பின் நுண்முறிவு பற்றி முடிவெடுக்கலாம் என்றிருந்தார். வேலைத்தளத்தில் அவருக்கு இப்போது பதிவேடு எழுதும் பொறுப்பு. மாணவி கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். அடுப்பு: பலகைக்கட்டையில் இருந்தால் முடியும். கிணறு: அரைவாளியோடு முடியும். பாய்: சுவரைப் பிடித்து.

ஆறாவது வினாவுக்கு அக்கா உடனே விடை கூறவில்லை. “கொஞ்சம் பொறு, இப்ப இருந்து பாக்கிறன்,” என்றார். மறுமுனையிற் கதிரை அரையும் ஒலியும் மூச்சொலியும் கேட்டன. பேராதனை விடுதியில் மாணவி கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள்.